உம் கொட்டாத பாட்டு

“அம்மா, பாட்டுக்கு உம் கொட்டுறது யாரும்மா?”

ஆறு வயது சங்கவி இதைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 6.42. மணிமொழி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அலமாரி மேல் இருந்த செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கால் படியிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால், அந்தப் பாட்டில் உம் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. இருந்த உம் எல்லாவற்றையும் மூன்று நாளைக்கு முன்புதான் எடுத்துப் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னதே அவள்தான்.

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. வடக்கனந்தலில், போன வருடம் தை மாதம் நடந்தது. மணிமொழி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அழுகின முட்டை வந்துவிட்டால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் தன் வீட்டு முட்டையை அவித்துத் தட்டில் வைக்கிற பெண். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. அப்படிப்பட்டவளுக்குப் பேய்க் கதை சொல்லி நாலு பேரைப் பயமுறுத்த வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சொன்னபடி, மணி நிமிடம் உட்பட, இங்கே இருக்கிறது.

பாட்டு செவ்வந்தியுடையது.

செவ்வந்தி கல்வராயன் மலைப் பெண். ப்ளஸ் டூ படிக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தவள். ஹாஸ்டலில் மணிமொழிக்குப் பக்கத்துப் பாய். அவள் ஊரில் சாமை குத்தும்போது பெண்கள் பாடுகிற ஒரு கதைப்பாட்டு அவளுக்கு முழுசாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி பாடுவாள். நிறுத்துவாள். பக்கத்தில் இருப்பவள் ‘உம்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த அடி. கதை கேட்கிற குழந்தை உம் கொட்டுமே, அப்படி.

“நான் உம் கொட்டலன்னா இன்னாடி ஆவும்?” என்று மணிமொழி ஒருமுறை வம்புக்குக் கேட்டாள்.

“பாட மாட்டேன்.”

“அதான் ஏன்?”

“பாட மாட்டேன்னா பாட மாட்டேன். ஒழுங்கா கொட்டுடி எரும.”

2010 பொங்கல் லீவில் செவ்வந்தி வடக்கனந்தலுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். மணிமொழியின் அப்பா அப்போதுதான் ஒரு பட்டன் போன் வாங்கியிருந்தார். அதில் குரல் பதியலாம் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் கை நிற்கவில்லை. நெல் மூட்டை மேல் போனை வைத்தார்கள். ஒருத்தி பாட, ஒருத்தி உம் கொட்ட, முழுப் பாட்டும் பதிந்தது. 11 நிமிடம் 26 நொடி.

செவ்வந்தி 2023-ல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

போன் வந்தபோது மணிமொழி பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். போனை வைத்தாள். மீதி ஆறு தட்டுக்கும் போட்டாள். முட்டை உரித்து வைத்தாள். அழுகை வரவில்லை. மலையில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. அவள் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அங்கேயும் வரவில்லை. செவ்வந்தியின் அம்மா வெள்ளச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ கொரலு ஒண்ணு கூட எங்கிட்ட இல்லம்மா” என்றாள்.

“எங்கிட்ட இருக்குதும்மா. தேடி அனுப்புறேன்.”

அன்றிலிருந்து மணிமொழிக்கு உள்ளே ஏதோ மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் தெரியும். வலிக்காது. சிரிப்பாள், சமைப்பாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது பழைய பர்ஸில் அந்தப் பட்டன் போனின் மெமரி கார்டு கிடைத்தது. அங்கன்வாடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். செவ்வந்தியின் குரல் சுனைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதன் நடுவில், போனுக்கு மிகப் பக்கத்தில், சளி பிடித்த மூக்கோடு, ‘உம்... உம்...’

உதவிக்கு இருக்கிற பாப்பாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா டீச்சரு, அந்தப் பொண்ணு குயிலு மாதிரி பாடுது. நீ நடுவுல எரும கத்துற மாதிரி உம் உம்னுக்கினு!”

இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க மணிமொழிக்கே வெட்கமாகிவிட்டது. சனிக்கிழமை கடைத்தெருவில் வெங்கடேசனின் செல்போன் கடைக்குப் போனாள். அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“நாப்பத்தி மூணு உம்முக்கா. எண்ணிக்கினே எடுத்தேன். பின்னாடி மாடு, சேவலு, தெருவுல ஜனங்க பேசுறது, அல்லாத்தையும் தொடச்சிட்டேன். உம் இருந்த எடம் மட்டும் காலியா இருக்கும். நெருக்கி ஒட்டுனா தாளம் தப்பிடும்.”

“எவ்ளோப்பா தரணும்?”

“மலையில இருக்கிற அம்மாவுக்குன்னு சொல்றீங்க. ஒரு டீ போதும், போங்கக்கா.”

மணிமொழி நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். ஒரு தாய்க்கு மகளின் குரல் மட்டும் போகட்டும், நடுவில் என் குரல் எதற்கு என்பதுதான் எண்ணம். தன்னை எடுத்துவிடுவது பணிவு என்று நினைத்தாள். சில இடங்களில் கூட இருப்பதுதான் உதவி என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை 10.15-க்குச் செவ்வந்தியின் தம்பி அஜய் நம்பருக்கு அனுப்பினாள். ஒற்றை டிக்தான் விழுந்தது. மலையில் சிக்னல் கம்மி. அதையே ஹாஸ்டல் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள்.

செவ்வாய் மாலை சங்கவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மணிமொழி போனை எடுத்து முதலிலிருந்து போட்டாள்.

*சொனைக்குப் போனா சின்னப் பொண்ணு...*

காலி இடம். மூன்று நொடி. மெல்லிய இரைச்சல் மட்டும்.

“தோ, சொல்லிச்சி பாரு” என்றாள் சங்கவி.

“எங்கடி?”

குழந்தை விரலை நீட்டினாள். போனைக் காட்டவில்லை. அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் காட்டினாள்.

மணிமொழி அங்கே பார்த்தாள். துடைப்பம் இருந்தது. வேறொன்றும் இல்லை. “சரி, சாப்புட வா” என்றாள்.

புதன்கிழமை காலை 7.50. குரூப்பில் கோகிலவாணி எழுதியிருந்தாள்: “செவ்வந்தி கொரலக் கேட்டு அழுதுட்டேன்டி. உன் உம் கேட்டு சிரிச்சிட்டேன். அப்டியே அந்த சளி மூக்கு!”

8.20. மணலூர்பேட்டையிலிருந்து கொளஞ்சியம்மாள் பேசி அனுப்பியிருந்தாள். “ஏய், உம் கொட்டுறது யாருடி ஆம்பள? உங்கப்பாவா?”

ஃபைலை மாற்றி அனுப்பிவிட்டோமா? பார்த்தாள். சரியான ஃபைல்தான். இயர்போனைக் காதில் மாட்டி 11 நிமிடம் 26 நொடியும் கேட்டாள். நாற்பத்து மூன்று காலி இடம். நாற்பத்து மூன்றிலும் இரைச்சல்தான்.

அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் 1.35. அங்கன்வாடியில் பதினாலு பிள்ளைகளும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்தது. பாப்பாத்தி பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மணிமொழி சத்தத்தைக் குறைத்து, தன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, பாட்டைப் போட்டாள். பகலில், இத்தனை பிள்ளைகள் நடுவில், ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

*சொனைக்குப் போனா சின்னப் பொண்ணு...*

சத்தமில்லை.

*சோடி சேந்தா இன்னொரு பொண்ணு...*

“உம்.”

ஓரத்தில் படுத்திருந்த ஆகாஷ். மூன்று வயது. கண் மூடியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. நல்ல தூக்கம்.

*முன்ன போறவ நெழலு ஒண்ணு...*

“உம்.” இது ஜன்னல் பக்கம் படுத்திருந்த பெண்.

*பின்ன வரவ நெழலு இல்ல...*

“உம்.” “உம்.” “உம்.”

மூன்று பாயிலிருந்து. ஒரே நேரத்தில்.

பின்கட்டிலிருந்து பாப்பாத்தியின் குரல் வந்தது. “இன்னா டீச்சரு, கதயா சொல்லிக்கினு இருக்கிற? புள்ளைங்க அல்லாம் உம் கொட்டுதுங்க!”

மணிமொழி போனை அணைத்தாள். மணி 1.37.

பிள்ளைகள் அசையவில்லை. மூன்று மணிக்கு வழக்கம்போல எழுந்தார்கள். சுண்டல் தின்றார்கள். வீட்டுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நிமிடம்தான் கேட்டிருந்தார்கள்.

சங்கவி மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மணிமொழி, “வூட்டுப்பாடம் எழுதிட்டியா?” என்று கேட்டாள்.

“உம்.”

“தோசை ஊத்தட்டுமா?”

“உம்.”

“அப்பாகிட்ட பேசுறியா?” அப்பா ராஜதுரை கரும்பு லாரி ஓட்டுகிறவன். ஆலை ஓடுகிற காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. அவன் பெயரைச் சொன்னால் குழந்தை குதிக்கும்.

“உம்.”

குதிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கரண்ட் போனது. 7.10. போன் அலமாரி மேல் அணைந்து கிடந்தது. மணிமொழி மெழுகுவத்தி தேடினாள். அறைக்குள்ளிருந்து சங்கவியின் குரல் கேட்டது.

“உம்.”

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “உம்.”

மறுபடி கொஞ்ச நேரம். “உம்.”

இடைவெளி ஒரே மாதிரி இருந்தது. மணிமொழிக்கு அந்த இடைவெளி தெரியும். பதினேழு வயதில் அவளே கொட்டிய இடைவெளி. மனதுக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தாள். சரியாக விழுந்தது. ஒரு அடி... உம். ஒரு அடி... உம்.

குழந்தைக்குப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

மணிமொழி இருட்டில் நின்று எண்ணினாள். இருபத்தி நாலோடு நின்றது. போய்ப் பார்த்தால் சங்கவி தூங்கிப்போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை 5.20. தூக்கத்திலேயே மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை முப்பத்தாறு.

பள்ளிக்கு அனுப்பவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். கோயிலில் திருநீறு பூசினார்கள். குழந்தை எல்லாவற்றுக்கும் நின்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். பாப்பாத்தி ஒரு தூக்கில் முருங்கைக்கீரை ரசம் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் மணிமொழி வாயில் போனது அது மட்டும்தான்.

மாலை 5.40-க்குப் போன் அடித்தது. அஜய் நம்பர். எடுத்ததும் காற்றுச் சத்தம். பிறகு வெள்ளச்சி.

“மணிமொழி... உம் எங்கம்மா?”

“அம்மா...”

“அஜயி நேத்து டவர் கெடைக்கிற பாறைக்கிட்ட போயி எறக்கிக்கினு வந்தான். ஆசையா வெச்சேன். மொத அடியிலயே நிறுத்திட்டேன். உம் எங்க?”

“நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். அவ கொரலு மட்டும் இருக்கட்டும்னு...”



“உம் கொட்டாம அத எங்க மலையில யாரும் பாட மாட்டோம்மா. கேக்க ஆளு இல்லன்னா, கேக்கறதுக்கு வேற ஒண்ணு வந்து குந்திக்கும். அவ உங்கிட்ட சொல்லலியா?”

“சொல்லலம்மா.”

“உன் வூட்ல கொழந்த இருக்குதே.”

மணிமொழி நடந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள்.

“எத்தினி உம் வரைக்கும் போயிருக்கா?”

“காத்தால முப்பத்தாறு.”

“பாட்டுக்கு மொத்தம்?”

“நாப்பத்தி மூணு.”

“இன்னிக்கி முடிச்சிடுவா” என்றாள் வெள்ளச்சி. “கேட்டுக்கம்மா. கடைசி அடியில கூட வந்தவ கைய நீட்டுவா. அந்த அடிக்கு யாரு உம் கொட்டுறாங்களோ அவங்க கையத்தான் புடிப்பா. ஆனா பாடுறப்ப கூட இருந்த ஆளே கொட்டுனா அதுக்கு அங்க வேல இல்ல, எழுந்து போயிடும். தெரியாத கொழந்த கொட்டுச்சின்னா...”



“நான் இன்னா பண்றதும்மா?”

“எடுத்தத திருப்பிக் குடு. மெஷின்ல இல்ல, வாயால. பாட்டப் போட்டு, எடம் வர்றப்ப அல்லாம் அது சொல்றதுக்கு முந்தி நீ சொல்லு. பயமா இருக்குதா?”

“தெரியலம்மா” என்றாள் மணிமொழி. அது உண்மை.

6.38. விளக்கேற்றினாள். அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, “தாயே, என் வாய் தப்பாம பாத்துக்க” என்றாள். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். சங்கவியை மடியில் உட்கார வைத்து, அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

6.40. பாட்டைப் போட்டாள்.

*சொனைக்குப் போனா சின்னப் பொண்ணு...*

“உம்” என்றாள் மணிமொழி.

*சோடி சேந்தா இன்னொரு பொண்ணு...*

“உம்.”

சுலபமாகத்தான் இருந்தது. பதினைந்து வருடம் ஆகியும் நாக்கு மறக்கவில்லை. ஐந்து. எட்டு. பத்து. சங்கவியின் உதடு அசைந்தது. சத்தம் வருவதற்குள் மணிமொழி சொல்லிவிட்டாள்.

பதினாலாவது அடியில் சங்கவி முந்தப் பார்த்தாள். இரண்டு உம்மும் ஒன்றாக விழுந்தன.

அடுத்ததற்கு மணிமொழி அடி முடிவதற்கு ஒரு மூச்சு முன்பே சொன்னாள்.

அதற்கடுத்ததில் குழந்தையும் ஒரு மூச்சு முன்னால் வாயைத் திறந்தாள்.

அது கற்றுக்கொண்டது.

இருபது. இருபத்தி ரெண்டு. அரிசி டிரம்மின் பக்கம் திரும்பவில்லை. அங்கே துடைப்பம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. சர்ரக்... என்று. திரும்பவில்லை.

இருபத்தி ஆறு.

அடுத்த அடி. பாட்டு ஓடிய நேரம் 7.04 என்று போன் காட்டியது. மணிமொழி வாயைத் திறந்தாள்.

“உம்.”

அவள் சொல்லவில்லை.

சங்கவியும் சொல்லவில்லை. உதடு மூடியிருந்தது.

முதுகுக்குப் பின்னால். பக்கத்தில். சளி பிடித்த மூக்கோடு. பதினேழு வயதுக் குரல்.

அவளுடைய குரல்.

முதல் தடவையாக அது அவளுக்குக் கேட்டது.

அடுத்த அடி. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையை யாரோ கடன் வாங்கிக்கொண்டு போனது போல இருந்தது.

“உம்.”

பின்னாலிருந்து.

“உம்.”

“உம்.”

“உம்.”

ஐந்து அடி. ஐந்தும் அதனுடையது.

மணிமொழி குழந்தையின் கையை இறுக்கினாள்.

முப்பத்தி ரெண்டாவது அடி. தொண்டை திரும்பி வந்தது. “உம்!” என்றாள். கத்தினாள் என்றே சொல்லலாம்.

முப்பத்தி ஆறு...

நாற்பது...

சங்கவியின் வலது கை சில்லிட்டது. இடது கை தானாக எழுந்தது. மெதுவாக. காற்றில் நீண்டது. டிரம்மின் பக்கம். யாரோ பிடிப்பதற்குக் கொடுப்பது போல.

நாற்பத்தி ஒன்று.

நாற்பத்தி ரெண்டு.

*கொடத்துல தண்ணி ரொம்பிடிச்சி... கூட வந்தவ...*

சங்கவி வாயைத் திறந்தாள்.

*...கைய நீட்டிட்டா...*

“உம்.”

மணிமொழி.

அவள் மட்டும்.

இடது கை தொப்பென்று மடியில் விழுந்தது.

கதவின் கொண்டி ஒருமுறை ஆடியது. கிளிங்... யாரோ எழுந்து, உரசிக்கொண்டு, வெளியே போனால் ஆடுமே, அப்படி. கதவு சாத்தியபடிதான் இருந்தது.

மணி 6.51.

“அம்மா” என்றாள் சங்கவி. “பசிக்குதும்மா. இன்னா ரசம் வாசன வருது?”

மணிமொழி சோறு பிசைந்து ஊட்டினாள். குழந்தை இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். அப்பாவிடம் போனில் பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசினாள். மணிமொழி தோழிகளிடம் அந்தப் பாட்டை அழித்துவிடச் சொன்னாள். “ஏன்டி?” என்றார்கள். “தப்பா அனுப்பிட்டேன்” என்றாள். அஜய்க்கு உம்மோடு இருந்த பழைய பதிவை அனுப்பினாள். வெட்டிய பாட்டு தன் போனில் இருந்ததை மட்டும் ஏனோ அழிக்கவில்லை.

தூக்கம் நன்றாகவே வந்தது. அவளுக்கே அது ஆச்சரியம்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஐந்து உம் அவளை விடவில்லை. ஏன் அந்த ஐந்து? ஏன் நாற்பத்து மூன்றில் அந்த இடத்தில் மட்டும் அவளால் வாய் திறக்க முடியவில்லை?

சனிக்கிழமை பிற்பகல் 3.30-க்குச் சங்கவி எதிர்வீட்டுக்கு விளையாடப் போனாள். மணிமொழி இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவைக் கேட்டாள். வெங்கடேசன் தொடாதது. மாடு, சேவல், தெரு, எல்லாம் இருந்தது. அதை அவள் இதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை.

ஆறு நிமிடம் ஒன்றுமில்லை. அவள் குரல், செவ்வந்தி குரல், மாறி மாறி.

பதிவின் 6.50-ல் வெளியிலிருந்து அம்மாவின் சத்தம். தூரத்தில், ஆனால் தெளிவாக. “மொழி! கன்னுக்குட்டி அவுத்துக்கினு ஓடுது பாரு!”

கொலுசுச் சத்தம். கதவு திறக்கிற சத்தம். கொலுசு வெளியே போகிறது.

மணிமொழிக்கு ஞாபகம் வந்தது. மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பொருள் மேலே வருவதுபோல வந்தது. அவள் எழுந்து ஓடினாள். செவ்வந்தியிடம் சொல்லவில்லை. செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிட வேலைதானே, வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

7.04. தெருவில், வெகுதூரத்தில், அவளுடைய சிரிப்பு. “ஏய் புடி, புடி, கயிறப் புடி!”

அதே நேரம், போனுக்குப் பக்கத்தில், மணிமொழி ‘உம்’ என்கிறாள்.

கேட்டாள். நிறுத்தினாள். மறுபடி கேட்டாள்.

மணிமொழி தெருவில் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மணிமொழி நெல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டுகிறாள்.

ஐந்து தடவை.

செவ்வந்தி கண்ணைத் திறக்கவில்லை. திறக்க அவசியம் வரவில்லை. உம் சரியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் சந்தேகமில்லாமல் பாடிக்கொண்டே போகிறாள். ஐந்து அடி, யாருக்கோ.

8.25-ல் கொலுசு திரும்பி வருகிறது. அடுத்த உம் அவளுடையது. அதில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

வெங்கடேசன் நாற்பத்து மூன்று எடுத்தான். அவள் கொடுத்திருந்தது முப்பத்தெட்டு.

அது அந்தத் தை மாதம் புதிதாக வந்ததில்லை. பதினைந்து வருடமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு செவ்வந்தி மலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், காமாலை வந்து படுத்தாள். கடைசி நாட்களில் யாருக்குப் பாடினாள், யார் உம் கொட்டினார்கள் என்பது மணிமொழிக்குத் தெரியாது. வெள்ளச்சியிடம் கேட்கவும் முடியாது.

எழுந்து கதவைச் சாத்தினாள். இயர்போனைக் கழற்றினாள். போனைத் தரையில் வைத்து, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெட்டிய பாட்டை எடுத்து, ஏழாவது நிமிடத்தில் வைத்தாள்.

வெயில் இன்னும் இருந்தது. எதிர்வீட்டில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

செவ்வந்தி பாடினாள். நிறுத்தினாள்.

“உம்” என்றாள் மணிமொழி.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த அடி. “உம்.”

அவசரப்படவில்லை. முந்தவில்லை. அந்த இடம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் சொன்னாள். மூன்றாவதற்கு மூக்கு அடைத்துக்கொண்டது. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

நாலு.

ஐந்து.

மணி 4.12.